காலிக் காயிலுக்கு மூன்று

வரதன் இரும்பு பேசுவதைக் காதால் கேட்டுச் சம்பளம் வாங்குகிறான் என்று சொன்னால் காட்டுப்பாக்கத்தில் யாரும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்து, பட்டணத்தில் ஒரு வருஷம் ரேடியோ வேலை கற்றுக்கொண்டு வந்த பிள்ளை, இருக்கிற நிலத்தைப் பார்க்காமல் இப்படி உளறிக்கொண்டு திரிகிறானே என்று பங்காளிகள் வருத்தப்பட்டார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி அவனுக்கும் வாய் வலித்துவிட்டது. கடைசியில், "பட்டாளத்துல வேலை" என்று முடித்துக்கொள்ளப் பழகிவிட்டான்.

ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. அது ஜப்பான்காரன் பர்மாவில் உட்கார்ந்திருந்த காலம். அம்பத்தூர் ஏரிக்கு மேற்கே பட்டாளத்தார் தகரக் கொட்டகைகள் போட்டு ஒயர்லெஸ் பெட்டிகளைப் பழுதுபார்த்தார்கள். அந்தப் பெட்டிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு சமாச்சாரம் உண்டு. மெல்லிய நிக்கல் இரும்புத் தகடுகளை அடுக்கி, நாடா சுற்றி, மேலே கம்பி சுற்றுவார்கள். அடுக்குக்குக் கோர் என்று பெயர். நூறு மைலுக்கு அப்பாலிருந்து வருகிற குரல், குரல் என்றே சொல்ல முடியாத அளவுக்குத் தேய்ந்துபோய் இந்தக் கோரில்தான் வந்து இறங்கும். இரும்பின் கோளாறு என்னவென்றால், அதற்குள் காந்தம் வழவழவென்று மாறாது. சின்னச் சின்னத் தாவலாகத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சொடுக்கு. நல்ல கோர் மெதுவாகச் சொடுக்கும், கெட்ட கோர் படபடக்கும். கோரே படபடத்தால் நூறு மைல் தாண்டி வந்த குரல் எங்கே கேட்கும்?

வரதனுடைய வேலை அந்தச் சொடுக்கை அளப்பது. மேஜை விளிம்பில், அவன் வயிற்றுக்கு மூன்று விரற்கடை தள்ளி, மரத் தாங்கியில் காயில் என்கிற கம்பிச் சுருள் ஒன்று நிற்கும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. கோரைக் காயிலுக்குள் நுழைத்து, ஒரு காந்தக் கட்டையை மரப் பள்ளத்தில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், இருபது எண்ணுகிற நேரம். காயிலில் பிறக்கிற துளி மின்சாரத்தை வால்வுப் பெட்டி பெரிதாக்கும். காதில் மாட்டிய குழாயில், பக்கத்து வீட்டுச் சமையலறையில் கடுகு வெடிப்பதுபோலக் கேட்கும். மீட்டரில் முள் எழும்பும். பத்து வந்தால் நல்ல கோர். பதினைந்துக்கு மேல் போனால் தள்ளுபடி.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு இரண்டு சட்டங்கள். முதலாவது, அந்த அறைக்குள் இரும்பு வரக்கூடாது. சாவி, பேனாக்கத்தி, லாடம் அடித்த செருப்பு எல்லாம் வாசலிலேயே. அவன் உட்காருகிற முக்காலியில்கூட ஆணி கிடையாது, மரமுளைதான். இரண்டாவது, பத்துக் கோருக்கு ஒருமுறை, கோர் இல்லாமல் காலிக் காயிலை அளந்து எழுதவேண்டும். காயிலும் வால்வும் அக்கம்பக்கமும் சேர்ந்து தாமாக எவ்வளவு இரைகின்றன என்பது அதில் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கோரைக் குறை சொல்லக்கூடாது என்பது பட்டறையை நடத்துகிற வெள்ளைக்காரக் கேப்டன் துரையின் கட்டளை.

காலிக் காயில் எப்போதும் மூன்று காட்டும். முதல் மாதம் மூன்று, ஆறாம் மாதம் மூன்று, மழையிலும் வெயிலிலும் மூன்று. இரண்டு வருஷம் ஒரே பதிலைச் சொல்கிறவனிடம் யார்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்? ஒரு நாளைக்கு நாற்பது கோர் என்றிருந்தது எழுபத்தைந்து ஆனதும், வரதன் காலையில் வந்தவுடன் அளவுப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைப் பிரித்து, காலிக் காயில் கட்டங்களில் மேலிருந்து கீழாக மூன்று மூன்று மூன்று என்று எழுதிவைத்துவிட்டுத்தான் முக்காலியில் உட்காருவான். அதை அவன் திருட்டு என்று நினைக்கவில்லை. சோம்பல் என்றுகூட நினைக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் மோதிரம் வந்தது.

அவன் மனைவி தாட்சாயிணிக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று நான்காம் மாதத்தில், ஒன்று ஏழில். மூன்றாவது வயிற்றில் ஏழு மாதத்தை எட்டியதும் மாமியார் அன்னம்மாள் பூந்தமல்லியில் ஒரு ஜோசியரிடம் போய், மாப்பிள்ளைக்கு ஏழரைச் சனி என்று தெரிந்துகொண்டு வந்தாள். குமணன்சாவடி ஜட்கா வண்டி ஸ்டாண்டில் ஒரு கறுப்புக் குதிரையின் தேய்ந்த லாடத்தைக் கேட்டு வாங்கி, அதை ஆசாரியிடம் கொடுத்து மோதிரமாக அடித்து, பூஜை போட்டு அவன் நடுவிரலில் மாட்டினாள். குழந்தை பிறக்கிறவரை உடம்பைவிட்டு இறங்கக்கூடாது என்பது பேச்சு.

முதல் நாள் வரதன் ஒழுங்காக அதைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனான். அன்று சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வந்தால், தாட்சாயிணி சுருண்டு படுத்திருந்தாள். மத்தியானத்திலிருந்து வலி, துணியில் லேசாக ரத்தம். அன்னம்மாள் அவன் விரலைப் பார்த்தாள். "கைல கீறது காத்தாலேந்தே கீதா, இல்லாங்காட்டி இப்பத்தான் மாட்டிக்கினு வந்தீங்களா?" என்று கேட்டாள். அவனால் பொய் சொல்ல முடியவில்லை. தாட்சாயிணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மோதிரத்தை அரைஞாணில் முடிந்து, வேட்டிக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனான். துணிக்குள் கிடக்கிற ஒரு கால் பலம் இரும்பு என்ன செய்துவிடும் என்று நினைத்தான். அளக்கத் தெரிந்தவன், அளந்து பார்க்கவில்லை.

அன்றைக்கு உலையிலிருந்து வந்த முதல் தட்டுக் கோரிலேயே முள் இருபத்திரண்டுக்குப் போயிற்று. அடுத்த கோர் இருபத்திரண்டு. அதற்கடுத்தது இருபத்துமூன்று. கடுகு பக்கத்து வீட்டில் இல்லை, அவன் காதுக்குள்ளேயே வெடித்தது. நான்கு நாளில் முந்நூறு கோர் தள்ளுபடி.

கோர் கெடுவதற்கு ஒரு காரணம்தான் வரதனுக்குத் தெரியும். தகடு உலையில் பதமாகி வெளியே வந்தபிறகு பச்சைக் குழந்தை மாதிரி. கீழே விழுந்தாலும் வளைந்தாலும் போயிற்று, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் படபடக்க ஆரம்பித்துவிடும். உலையிலிருந்து அதை எடுத்து நாற்பது தப்படி நடந்து வந்து கொடுப்பவன் வேம்புலி.

வேம்புலியின் தகப்பன் வரதன் வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவர் வரதனின் தகப்பனைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். வேம்புலி கூப்பிடமாட்டான். பட்டறையில் எல்லாருக்கும் ஒரே 'சார்'தான், வரதனுக்கும் அதுதான். அது வரதனுக்கு முதலில் உறுத்தியது, பிறகு பழகியது. வேம்புலியிடம் ஒரு விசேஷம். தட்டின் நடுவில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நடப்பான். தண்ணீர் சிந்தினால் தகடு அதிர்ந்தது என்று அர்த்தம், அந்தத் தட்டை அவனே திரும்பவும் உலைக்குக் கொண்டுபோய்விடுவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவனாகக் கண்டுபிடித்த வழி. ஒன்றரை வருஷத்தில் அவன் திருப்பிக் கொண்டுபோனது மூன்று தட்டுதான்.

தள்ளுபடிப் பெட்டிகள் சேருவதைப் பார்த்துவிட்டு அவன் வரதனிடம் வந்தான். அறை வாசலிலேயே நின்றுகொண்டு பேசினான்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? தட்டு கீழ உழுந்துதுன்னே வச்சிக்குவோம். ஓரத்துல கீறது நசுங்கும், நடுவுல கீறது தப்பிச்சிக்கும். ஒண்ணு கெடும், ஒண்ணு நல்லாருக்கும். அத்தினியும் ஒரே மாதிரி எப்டி சார் கெடும்?"

"மீட்டர் பொய் சொல்லாது வேம்புலி."

"நான் மீட்டரைச் சொல்லல சார்" என்றான் வேம்புலி. வேறு எதைச் சொன்னான் என்று வரதன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காக அவன் பிற்பாடு தன்னைத்தானே எத்தனை முறை செருப்பால் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை.

திங்கட்கிழமை கேப்டன் துரை கூப்பிட்டனுப்பினார். மேற்பார்வை பார்க்கிற கோதண்டமும் கூட நின்றான். கோர் எதனால் கெடும் என்று துரை கேட்டார். பதமான பிறகு அடிபட்டால் கெடும் என்றான் வரதன். பதமான பிறகு யார் கை படுகிறது? வேம்புலி கை. காலிக் காயில் என்ன காட்டுகிறது? துரை புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் பக்கமாக மூன்று. மிக நல்லது என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் வரதன் உள்ளதைத்தான் சொன்னான். புத்தகம் மட்டும்தான் பொய் சொல்லியது.

அந்த நாளில் தண்டவாளத்தில் ஒரு கல் கிடந்தாலே சதி என்பார்கள். யுத்தத்துக்குப் போகிற சாமான் முந்நூறு கெட்டால் விடுவார்களா? செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பட்டாளத்துப் போலீஸ்காரர்கள் வந்து உலைக் கொட்டகையிலிருந்து வேம்புலியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் கையிலிருந்த தட்டை மெதுவாக இறக்கிவைத்துவிட்டுத்தான் போனான். தம்ளரில் தண்ணீர் அசையவில்லை. வரதன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறை கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று. வேம்புலியின் மனைவி பொன்னியம்மா. சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானே காதுல மாட்டிக்கினு கேக்கறவரு?"

வரதன் தலையாட்டினான்.

"அந்த மிஷினு இன்னா சொல்லிச்சி? என் ஊட்டுக்காரு பேரைச் சொல்லிச்சா?"

"அது பேரெல்லாம் சொல்லாதும்மா. நம்பர்தான் காட்டும்."

"அப்போ பேரைச் சொன்னது யாரு?"

"விசாரிச்சிட்டு உட்ருவாங்க" என்று என்னவோ முணுமுணுத்துவிட்டு சைக்கிளை ஒதுக்கி ஓட்டினான். திருவேற்காடு தாண்டும்வரை முதுகில் அவள் பார்வை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று நாள் தட்டு வராமல் கிடந்தபின், வெள்ளிக்கிழமை உலைக்குப் புது ஆள் வந்தான், முனியன் என்று பெயர். அவன் கொண்டுவந்த முதல் தட்டை வரதன் அளந்தான். இருபத்திரண்டு. அடுத்தது, இருபத்திரண்டு. பத்தும் அப்படியே.

கோதண்டம் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இவனும் அதே கும்பலா? துரைகிட்ட சொல்லிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வரதன் காதிலிருந்த குழாயைக் கழற்றினான். வேம்புலி காவலில் இருக்கிறான். முனியன் நேற்றுவரை அம்பத்தூரில் மூட்டை தூக்கியவன். இரண்டு பேர் கைபட்டு ஒரே எண் எப்படி வரும்? 'அத்தினியும் ஒரே மாதிரி எப்டி சார் கெடும்?' வாசலில் நின்று கேட்ட குரல் இப்போதுதான் அவன் காதுக்குள் போயிற்று. இரண்டு வருஷமாக ஊசி விழுகிற சத்தத்தையும் கேட்ட காது அது.

கோரை வெளியே எடுத்தான். காயில் காலியாக நின்றது. காந்தக் கட்டையை மெதுவாகத் தள்ளினான். கடுகு வெடித்தது. கோரே இல்லாத காயிலில் கடுகு வெடித்தது. முள் பத்தொன்பதில் நின்றது.

வால்வை மாற்றினான், பத்தொன்பது. கம்பி இணைப்பைத் துடைத்தான், பத்தொன்பது. எழுந்து நின்று, எட்டத்தில் இருந்து கையை மட்டும் நீட்டிக் காந்தத்தைத் தள்ளினான். மூன்று. திரும்ப உட்கார்ந்தான். பத்தொன்பது. அப்போது அவன் கை தானாக அரைஞாணுக்குப் போயிற்று.

முடிச்சை அவிழ்த்து, மோதிரத்தை வாசல் ஆணியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்து அளந்தான். மூன்று. எடுத்து வந்து அளந்தான். பத்தொன்பது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்தான், தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே. குதிரைக் குளம்பில் தேய்ந்த அந்தப் பச்சை இரும்பு, காந்தம் நகர நகரத் தன் பாட்டுக்குச் சொடுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அவன் கேட்டது கோரின் சத்தம் இல்லை. தன் வயிற்றில் கட்டியிருந்ததன் சத்தம்.

வாசலுக்கு வெளியே எதிர்ச் சுவரில் கடிகாரம் பதினொன்று காட்டியது.

அப்போதே எழுந்து துரையின் அறைக்குப் போயிருக்கவேண்டும். முப்பது தப்படி தூரம். வரதன் எழுந்திருக்கவும் செய்தான். ஆனால் மேஜையில் புத்தகம் திறந்து கிடந்தது. இன்றைய பக்கத்திலும் காலையில் எழுதிய மூன்றுகள். மோதிரத்தைச் சொன்னால் புத்தகத்தையும் சொல்லவேண்டும். யுத்த காலத்தில் பட்டாளத்துப் புத்தகத்தில் பொய் எழுதியவனை என்ன செய்வார்கள்? வேம்புலியைக் கொண்டுபோன அதே இரண்டு பேர் வருவார்கள். வீட்டில் ஏழு மாதம் நிறைந்தவள் இருக்கிறாள். நாளைக்குச் சொல்லலாம், யோசித்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டான். மோதிரம் ஆணியில் தொங்க, முனியனின் தட்டைத் திரும்ப அளந்தான். பத்து, பத்து, ஒன்பது, பத்து.

மத்தியானம் வந்த கோதண்டம் எண்களைப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டினான். "காத்தால இருவத்திரண்டு காட்டிச்சே?"

"வால்வு சரியில்ல, மாத்தினேன்" என்றான் வரதன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

"பாத்தியா! அந்தப் பய போனான், எல்லாம் சரியாப்பூட்ச்சி. இத்தவிட இன்னா சாட்சி வேணும்? இப்பவே எழுதிக் குட்த்துட்டு வரேன்."

"இல்லண்ணாத்தே, கொஞ்சம் பொறுங்க. நாளைக்கு..." என்று வரதன் ஆரம்பித்தான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. கோதண்டம் புத்தகத்திலிருந்து அன்றைய தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோதண்டம் ஒன்றும் கெட்டவனில்லை. எண் என்று எழுதியிருந்தால் நம்புகிறவன், அவ்வளவுதான். அந்த எண்ணைக் கொடுத்தவன் வரதன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தாட்சாயிணி அவன் கையைத்தான் முதலில் பார்த்தாள். மோதிரம் சட்டைப் பையில் இருந்தது. அவன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான், மோதிரம், புத்தகம், வேம்புலி, கேட்டில் நின்ற பொன்னியம்மா. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்குச் சொன்னா உங்களைப் புடிச்சிக்கினு போவாங்களா?"

"தெரியல."

"மோதரத்தையும் வாங்கி வச்சிக்குவாங்களா?"

"அதுதானே சாட்சி."

"எனக்கு ரெண்டு போயிட்ச்சி" என்றாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்குப் புள்ளைங்க எத்தினி?" என்றாள்.

"ரெண்டு."

இலையைப் போட்டுச் சாப்பாடு வைத்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, "காலம்பற வரிக்கும் போட்டுக்கோங்க. எனக்காவ" என்று அவன் விரலில் அவளே மாட்டிவிட்டாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.

சனிக்கிழமை காலை அவன் புறப்பட்டபோது தாட்சாயிணி வாசலுக்கு வரவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

துரையின் மேஜையில் புத்தகத்தையும் மோதிரத்தையும் வைத்துவிட்டு, தெரிந்த இங்கிலீஷில் வரதன் சொன்னான். இந்தக் கட்டங்களில் இருப்பது நான் அளந்தது அல்ல, நான் எழுதியது. துரை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அளக்கிற அறைக்கு நடந்தார். தாமே காதுக்குழாயை மாட்டிக்கொண்டு காலிக் காயிலை அளந்தார். மோதிரத்தை வயிற்றருகில் வைத்துக்கொண்டு அளந்தார். அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தள்ளுபடிப் பெட்டிகளைப் பிரித்துத் திரும்ப அளக்கச் சொன்னார். முந்நூறும் நல்ல கோர்கள்.

இனிமேல் வரவேண்டியது வரட்டும் என்று வரதன் நின்றான். துரை கத்தினார், கெட்ட வார்த்தை சொன்னார், புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தார். ஆனால் போலீஸைக் கூப்பிடவில்லை. பர்மாவுக்குப் போகவேண்டிய பெட்டிகள் தேங்கிக் கிடந்தன, இந்த அளவைத் தெரிந்தவன் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வா, காலிக் காயிலை ஒவ்வொரு கோருக்கும் அள என்றார். வேம்புலியை விடச் சொல்லிக் கடிதம் எழுதி, மோதிரத்தையும் அதோடு உறையில் போட்டு அரக்கு வைத்தார். மோதிரம் திரும்பக் கிடைக்குமா என்று வரதன் கேட்க வாயெடுத்து, வெட்கப்பட்டு மூடிக்கொண்டான்.

"வேம்புலிக்கும் திங்கக்கிழம வேலை உண்டுதானே?" என்று வெளியே வந்து கோதண்டத்திடம் கேட்டான்.

கோதண்டம் வேறு பக்கம் பார்த்தான். "போலீஸ் கை பட்டவன். பாக்கலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வரதன் அம்பத்தூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேம்புலியின் வீட்டைத் தேடிக்கொண்டு போனான். வரதன் வீட்டார் யாரும் எந்தச் சேரித் தெருவுக்குள்ளும் கால் வைத்ததில்லை. சைக்கிளோடு அவன் நுழைந்ததும் தெருவே பேச்சை நிறுத்திவிட்டது.

வேம்புலி கூரை நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் காயம் இல்லை. வலதுகை மட்டும் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை துணி சுற்றி மடிமேல் கிடந்தது. துணிக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்களும் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன.

வரதன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மோதிரத்தை, எதற்காகக் கட்டினான் என்பதை, எழுதிவைத்த மூன்றுகளை. "நீ கேட்டது சரி வேம்புலி. எல்லாம் ஒரே மாதிரி கெடாது. தப்பு முழுக்க என்னுது" என்றான்.

வேம்புலி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கோபப்பட்டுத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று வரதனுக்கு இருந்தது. பொன்னியம்மா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வரதனிடம் இல்லை, புருஷனிடம். அவன் இடதுகையால் வாங்கினான். பழக்கமில்லாத கை. தண்ணீர் ததும்பி மடியில் கொட்டியது. அவன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைத்தியர் இன்னா சொன்னாரு?" என்றான் வரதன்.

"எலும்பு ஒட்டிக்குமாம். ஆனா நடுக்கம் போவாதாம். தட்டு எடுக்க ஆவாது" என்றாள் பொன்னியம்மா.

பாதையில் ஒரு ரயில் புகையைக் கக்கிக்கொண்டு ஆவடிப் பக்கம் போயிற்று. அதன் சத்தம் அடங்கியதும் வேம்புலி பேசினான்.

"மொதல்ல அடிக்கல சார். செவ்வாய், புதன், வியாழன், சும்மாதான் குந்த வச்சிருந்தாங்க. கேட்டதையே கேட்டாங்க. ஒருத்தன் பீடிகூடக் குட்த்தான். வெள்ளிக்கெழம பொழுது சாயத்தான் பட்டறைலேந்து எதோ காயிதம் வந்துச்சி. நான் போனப்பறம் எல்லாம் நல்லாப்பூட்ச்சாம், அதுவே சாட்சியாம். அந்தக் காயிதத்தை மூஞ்சிக்கு நேரா காட்டிட்டுத்தான் கையை மேசைமேல வைக்கச் சொன்னாங்க."

வரதன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

வேம்புலி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாள் சொல்லிவந்த சாரும் நீங்களும் இப்போது அவன் பேச்சில் இல்லை.

"உனக்கு எப்போ தெரிஞ்சிது?"

நேற்று என்று சொல்லிவிடலாம். நேற்றுத்தான் துரையிடம் போனான், யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். இந்த வீட்டில் கடிகாரமும் இல்லை, புத்தகமும் இல்லை.

"வெள்ளிக்கிழம" என்றான் வரதன். "காலைல பதினோரு மணி."

பொன்னியம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். வேம்புலி துணி சுற்றிய கையை மடியிலிருந்து மெதுவாக எடுத்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"பதினோரு மணிக்கு எனக்குக் கஞ்சி ஊத்துனாங்க" என்றான். "இந்தக் கையாலதான் வாங்கிக் குடிச்சேன்."